வேலுச்சாமி சிவப்பில் போகவில்லை

எங்கள் வளைகுடா ஊரின் அல் கூஸ் பகுதியில் சைக்கிள் ஓட்டுகிற ஒருத்தன்கூட சிவப்பு விளக்குக்கு நிற்பதில்லை என்று போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். கோட்டுப் போட்டவர். கையில் ஐஸ்கிரீம் கிண்ணம். சுற்றி நின்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். ஒருவர், "அவனுங்களுக்கு சிக்னல்னா என்னன்னே தெரியாது சார்" என்றார். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். "வேலுச்சாமின்னு ஒரு ஆளு, தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டேன். தெரியாது என்றார்கள். எப்படித் தெரியும்? கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் போகிறவர்களுக்கு எந்த வேலுச்சாமியைத் தெரியும்? அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு அடுத்த வரவேற்பில் பேசட்டும்.

என் பெயர் செய்கு முகம்மது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எண்பத்து நாலில் இந்த ஊருக்கு வந்து ஒரு இரானிக்காரர் கடையில் பஞ்சர் ஒட்டினேன். இன்றைக்கு அந்தக் கடையைப்போல மூன்று மடங்கு கடை அல் கூஸில் என்னுடையது. என் பிள்ளைகள் இரண்டு பேரும் என்ஜினியர்கள். ஆனால் ஒரு சைக்கிளின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இன்ன இடத்தில் கோளாறு என்று சொல்ல அவர்களால் ஆகாது. என்னால் ஆகும். அரபி நான் எந்த வாத்தியாரிடமும் படித்ததில்லை. ஆனாலும் எந்த ஆபீசிலும் எனக்காக இன்னொருத்தன் வாய் திறந்ததில்லை. இதையெல்லாம் பெருமைக்குத்தான் சொல்கிறேன். உழைத்து வந்த பெருமையைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? எழுதுகிற வாக்கியம் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரிம் கோணலாக இருந்தால்தான் நான் பொறுக்க மாட்டேன்.

இனி வேலுச்சாமி.

துறையூர்ப் பக்கத்து ஆள். பத்தொன்பது வருடமாக இங்கே ஒரே கம்பெனி, ஒரே வேலை. அலுமினியப் பட்டறையில் ஜன்னல் சட்டம் அறுக்கிறார். ஊரில் மனைவி பஞ்சவர்ணம், இரண்டு பெண்கள். பெரியவளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, சின்னவள் ராதிகா நர்சிங் இரண்டாம் வருடம். ஆள் நல்ல உயரம், சதை கிடையாது, பேச்சும் அதிகம் கிடையாது. தொழிலாளர்கள் தங்குகிற கேம்பிலிருந்து பட்டறை மூன்று கிலோமீட்டர். கம்பெனி பஸ் உண்டு. ஓவர்டைம் முடிகிற நேரத்துக்கு அது நிற்காது. ஆகவே சைக்கிள்.

அந்தச் சைக்கிள் அவர் வாங்கியது இல்லை. அவர்களுடைய ரூமில் ஒரு பழக்கம் உண்டு. கட்டிலோடு சைக்கிள். விசா கேன்சல் ஆகி ஊருக்குப் போகிறவர் தன் சைக்கிளை விற்கக் கூடாது. ஓடுகிற நிலையில் வைத்து, அந்தக் கட்டிலுக்கு வருகிற அடுத்த ஆளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். வேலுச்சாமிக்கு அதைக் கொடுத்தவர் மார்க்கண்டு என்ற யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கு யார் கொடுத்தார்களோ தெரியாது. அதில் மாறாமல் இருப்பது ஃபிரேம் ஒன்றுதான். மற்றதெல்லாம் என் கையால் மாற்றியவை.

முதல் வருடம் வேலுச்சாமி ஒரு சிக்னலில், நடக்கிறவர்களுக்குப் போட்ட வெள்ளைக் கோட்டின்மேல் சைக்கிளில் உட்கார்ந்தபடியே குறுக்கே போயிருக்கிறார். ஒரு போலீஸ்காரர் பிடித்துவிட்டார். திட்டவில்லை, எழுதவுமில்லை. இறங்கச் சொல்லி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போ, திரும்பி வா என்று மூன்று முறை நடக்கவிட்டாராம். பிறகு ஹிந்தியில் சொன்னாராம்: "ஊப்பர் ஹை தோ காடி. ஹாத் மே ஹை தோ ஆத்மி." சைக்கிளின் மேலே உட்கார்ந்தால் நீ வண்டி, வண்டிக்குப் போட்ட விளக்குக்கு நில். சைக்கிளைக் கையில் பிடித்தால் நீ மனுஷன், மனுஷன் படம் பச்சையில் எரிந்தால் நட. அவ்வளவுதான் சட்டம்.

நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டையும் கலந்து அடிப்பவர்கள். வண்டிக்குச் சிவப்பு விழுந்தால் நடக்கிறவன் வழியில் ஏறுவது, நடக்கிறவனுக்குச் சிவப்பு விழுந்தால் வண்டியோடு சேர்ந்து ஓடுவது. நானும் அந்தக் காலத்தில் அப்படி ஓட்டியவன்தான், மறைக்கவில்லை. ஆனால் வேலுச்சாமிக்கு ஒரு முறை சொன்னால் போதும், மறு முறை சொல்ல வேலை இருக்காது. பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு சிக்னலிலும் இறங்குவார், பட்டனை அமுக்குவார், நிற்பார், பச்சை மனுஷன் எரிந்ததும் தள்ளிக்கொண்டு நடப்பார். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஒரு பூனைகூட இல்லாத ரோட்டிலும் நிற்பார். என் கடைக்கு எதிரே அந்தச் சிக்னல். நான் எத்தனையோ தடவை உள்ளே இருந்து கத்தியிருக்கிறேன்.

"யோவ் வேலு! யாருக்குய்யா நிக்கிற? ரோட்டுக்கா?"

"வெளக்குக்குப் பாய்" என்று அங்கிருந்தே சொல்வார்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. அதைச் சொல்லும்போதே எனக்கு இரத்தம் கொதிக்கிறது.

புதிதாக வருகிற ஆளுக்குக் கேம்பில் பழைய ஆட்கள் முதலில் சொல்லிக் கொடுப்பது வேலை இல்லை, ஹிந்தி இல்லை. "சாரி சார், மை மிஸ்டேக்." இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். கண்ணாடி உடைந்ததா, அளவு தப்பியதா, யார் செய்தார்கள் என்று பார்க்காதே. ஃபோர்மேன் கத்துகிறானா, உடனே சொல்லிவிடு. இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடுவான். எதிர்த்துப் பேசினால் ஒரு வாரம் இழுப்பான். வேலுச்சாமிக்கு இதையும் ஒரே தடவைதான் சொன்னார்கள். அதுவும் ஊறிவிட்டது. என் கடையில் நான் காற்றடிக்கும்போது ட்யூப் வெடித்தால்கூட, "தப்பு என் மேலதான் பாய்" என்பார். என் பம்பு, என் கை, என் அவசரம். தப்பு அவர் மேலாம்.

பிப்ரவரி மாதம் ஒரு வியாழக்கிழமை, மாலை ஐந்தே முக்கால். நான் அன்றைக்கு தேரா கடைவீதிப் பக்கம் சாமான் எடுக்கப் போயிருந்தேன். கடையில் இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு. திரும்பி வந்தபோது ரோட்டில் கண்ணாடித் தூள் கிடந்தது. வேலுச்சாமியைக் கார் அடித்துவிட்டது, ஆளுக்கு உயிருக்கு ஒன்றுமில்லை, சிவப்பில் போய்விட்டார் என்று பக்கத்து டீக்கடையில் சொன்னார்கள்.

"யாரு, வேலுவா? செவப்புலயா?"

"அவரே போலீஸ்ல ஒத்துக்கிட்டாரு பாய்."

ஒத்துக்கொண்டார் என்றால் நான் என்ன செய்ய? மனுஷனுக்கு ஒரு நாள் புத்தி தடுமாறாதா என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அப்படி நினைத்ததற்காக என்னை நானே இன்னும் ஏசிக்கொண்டிருக்கிறேன்.

நான்கு நாள் கழித்து வேலுச்சாமி கடைக்கு வந்தார். இடது கையில் மணிக்கட்டிலிருந்து மாவுக்கட்டு. கேம்ப் பிக்கப்பில் சைக்கிளைப் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார்.

"பாய், இத ஓடுற மாதிரி ஆக்கித் தரணும். கட்டிலுக்கு வர்ற ஆளுக்குக் குடுக்கணும்."

"நீ எங்கய்யா போற?"

"ஊருக்குத்தான். கேன்சல் போட்டுட்டாங்க. அடுத்த செவ்வாக்கெழம டிக்கெட்டு."

அந்தக் கம்பெனியில் போன வருடம் ஒருவர் சிவப்பில் குறுக்கே போய்ச் செத்தார். அதிலிருந்து கேம்ப் வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். சிவப்பில் போய், போலீஸ் பேப்பரில் தப்பு உன்மேல் என்று ஆனால், விசா கேன்சல், ஊர். பத்தொன்பது வருடம் ஜன்னல் சட்டம் அறுத்தவருக்கும் அதேதான். சின்னப் பெண்ணுக்குப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.  வேலுச்சாமியோ சைக்கிள் எப்போது தயாராகும் என்றுதான் கேட்டார்.

நான் சைக்கிளைத் தூக்கி ஸ்டாண்டில் மாட்டினேன். முன்சக்கரம் எட்டாக மடங்கியிருந்தது. அது பெரிதில்லை. வலது பக்கம் குனிந்து பார்த்தேன். பெடலைத் தாங்குகிற இரும்புத் தண்டு இருக்கிறதே, நாங்கள் கிராங்க் என்போம், அது உள்பக்கமாக வளைந்து ஃபிரேமோடு ஒட்டிக் கிடந்தது. பெடல் கட்டை நசுங்கி, அதில் வெள்ளைப் பெயிண்ட் அப்பியிருந்தது. காரின் பம்பர் நேராக அங்கேதான் மோதியிருக்கிறது. தண்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய இடமில்லை.

நாற்பது வருடம் சைக்கிள் பார்த்தவன் நான். கையிலிருந்த துணியைக் கீழே போட்டேன்.

"வலது காலக் காட்டு."

"கால்ல ஒண்ணுமில்ல பாய். கைதான்…"

"காட்டுய்யா!"

பேண்டை முழங்கால்வரை தூக்கிக் காட்டினார். ஒரு கீறல் இல்லை. ஒரு சிவப்புத் தடம்கூட இல்லை. சைக்கிளில் உட்கார்ந்து வந்தவனுக்கு வலது கால் அந்தப் பெடலில் அல்லவா இருக்கும்? இருந்திருந்தால் அந்தக் கால் இன்றைக்கு ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடக்கும்.

"நீ ஏறி வரல. தள்ளிக்கிட்டு வந்திருக்க."

"ஆமா பாய். எப்பவும் தள்ளிக்கிட்டுத்தான?"

"வெளக்கு?"

"பச்ச ஆளு எரிஞ்ச பொறவுதான் ரோட்டுல எறங்குனேன். நடுத்திட்டுல நின்னேன். அங்கயும் பட்டன அமுக்குனேன். அங்கயும் பச்ச வந்துச்சு. நாலு எட்டு வச்சிருப்பேன், வலப்பக்கத்துல இருந்து வந்து அடிச்சிருச்சு. சைக்கிள் என் மேல விழுந்துச்சு, நான் கைய ஊனுனேன்."

"அப்ப போலீஸ்ல என்னய்யா சொன்ன?"

தலையைக் குனிந்துகொண்டார். "மை மிஸ்டேக்னு சொன்னேன்."

கையில் ஸ்பேனர் இருந்தது. எறிந்தேன். அவர் மேல் இல்லை, சுவர் மேல். சுவரில் அந்த இடம் இன்னும் பெயர்ந்திருக்கிறது, வந்தால் பார்க்கலாம்.

"எதுக்குய்யா சொன்ன? எவன் சொல்லச் சொன்னான்?"

"அந்தக் காருக்காரரு எறங்கிக் கத்துனாரு பாய். தமிழ்க்காரருதான். 'கண்ணு தெரியலயா, செவப்புல வர்ற'ன்னு. கத்துனா அப்பிடித்தான சொல்லுவோம். சொன்னா அடங்கிருவாங்க. பொறவு போலீஸ் வந்து, 'ரெட்?'ன்னு கேட்டாரு. அதே வாயில சொல்லிட்டேன். பேப்பர்ல கையெழுத்தும் போட்டுட்டேன்."

"அடங்குனானா?"

"அடங்கிட்டாரு பாய்."

அடங்காமல் என்ன? அவன் வேலை முடிந்துவிட்டதே!

கேம்ப் பாஸ் அஸீமுக்கு ஃபோன் போட்டேன். ஹைதராபாத்காரன், எனக்கு இருபது வருடப் பழக்கம். விஷயத்தைச் சொன்னேன். "பாய் சாப், பேப்பரில் கையெழுத்து இருக்கிறது. கலாஸ், முடிந்தது. என்னிடம் சத்தம் போட்டு என்ன செய்ய?" என்றான். "சத்தம் போடுவதற்குத்தான் போட்டேன். நாளைக்குக் காலையில் நீயும் போலீஸ் ஸ்டேஷனுக்கு வா. வரவில்லை என்றால் உன் கேம்ப் சைக்கிள் ஒன்றுக்கும் நான் இனிமேல் காற்றுகூட அடிக்க மாட்டேன்" என்றேன். நூற்று நாற்பது சைக்கிள். வந்தான்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு ஸ்டேஷன். வளைந்த சைக்கிளையும் என் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போனேன். வேலுச்சாமி வரமாட்டேன் என்று ஒரு பாட்டம் கெஞ்சினார். "வேணாம் பாய், கேஸு கீஸுன்னு ஆயிரும், ஊருக்குக்கூடப் போக முடியாமப் போயிரும்" என்றார். "நீ பேசாம வா. பேசாம இருக்கிறதுலதான் நீ கெட்டிக்காரனாச்சே" என்று வண்டியில் ஏற்றினேன்.

அந்த ஃபைலைப் பார்க்கிற அதிகாரியின் பெயர் ஜைத். முப்பது வயது இருக்கும். மரியாதையான ஆள். காபி கொடுத்து, நான் அரபியில் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு ஃபைலைத் திருப்பிக் காட்டினார்.

"ஹாஜி, நீங்கள் சொல்வதை நான் மதிக்கிறேன். ஆனால் இது இவருடைய கையெழுத்து. தப்பு என்னுடையது என்று இவரே சொல்லியிருக்கிறார். ஒருவர் ஒத்துக்கொண்டபிறகு சிக்னல் கேமராவை யார் எடுத்துப் பார்ப்பது? இவர் தன் வாயால் அது சரியில்லை என்று சொல்லட்டும். சொன்னால் ஃபைலைத் திறக்கிறேன், கேமரா பார்க்கிறேன். நீங்கள் சொன்னால் முடியாது."

பார்த்தீர்களா? எல்லாம் போய்க் கடைசியில் எங்கே நிற்கிறது பாருங்கள். பத்தொன்பது வருடமாக ஒரு சூப்பர்வைசரிடம்கூட 'இல்லை' என்று சொல்லாத வாய், போலீஸ் அதிகாரியிடம் இப்போது 'இல்லை' என்று சொல்லவேண்டும். சொன்னால் வேலை நிலைக்கும். சொல்லாவிட்டால் அடுத்த செவ்வாய்க்கிழமை விமானம்.

காரோட்டியையும் ஜைத் கூப்பிட்டிருந்தார். ஒன்பதேகாலுக்கு வந்தான். விஜயபாஸ்கர். பெரிய ஆபீஸ் ஒன்றில் மானேஜர், கோட்டுப் போட்டவன். சென்ட் வாசனை அவனுக்கு முன்னால் உள்ளே வந்தது. நேராக வேலுச்சாமியிடம் போனான்.

"என்னண்ணே, கை எப்படியிருக்கு? அன்னிக்கே பேசி முடிச்சதுதானே, மறுபடி எதுக்கு இதெல்லாம்? உங்களுக்கு ஒரு புது சைக்கிள் வேணும்னா சொல்லுங்க, நான் அனுப்பிடறேன்." பிறகு என்னைப் பார்த்தான். "நீங்க யாரு பெரியவரே? இவரோட வக்கீலா?"

"சைக்கிள் ரிப்பேர்" என்றேன்.

"ஓ" என்றான்.

அந்த 'ஓ'வை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இரண்டு என்ஜினியரைப் பெற்றவன், ஒரு கடைக்கு முதலாளி, நாற்பது வருடம் இந்த மண்ணில் வெயில் தின்றவன். எனக்கு ஒரு 'ஓ'.

ஜைத் அவனை என்ன நடந்தது என்று கேட்டார். ஆங்கிலத்தில் சொன்னான். எனக்கு அரைகுறையாகப் புரியும், இதற்கு அரைகுறையே போதும். இவர் வேகமாகச் சைக்கிளை ஓட்டிக்கொண்டு சிவப்பில் குறுக்கே வந்தார், நான் பிரேக் போட்டேன், முடியவில்லை. சைக்கிள்காரர்கள் எல்லாரும் அப்படித்தான், உங்களுக்கே தெரியும்.

"ஓட்டிக்கொண்டா?" என்று நான் அரபியில் கேட்டேன். "ஓட்டிக்கொண்டு என்று சொல்கிறான், எழுதிக்கொள்ளுங்கள்."

எழுந்து வெளியே போய், வராந்தாவில் சாத்தி வைத்திருந்த சைக்கிளைத் தூக்கிவந்து ஜைத்தின் மேசைக்கு முன்னால் வைத்தேன். ஒரு கான்ஸ்டபிள் தடுக்க வந்தார். ஜைத் விடச் சொன்னார். வளைந்த கிராங்கைக் காட்டினேன். வெள்ளைப் பெயிண்டைக் காட்டினேன். "இந்தப் பெடலில் இவருடைய கால் இருந்தது என்று இந்த மனிதர் சொல்கிறார். சரி. அந்தக் காலை நீங்களே பாருங்கள்." வேலுச்சாமியின் பேண்டை நானே தூக்கினேன். அவர் கூச்சத்தில் நெளிந்தார். "கால் பத்திரமாக இருக்கிறது, பெடல் செத்துக் கிடக்கிறது. எப்படி?"

ஜைத் நாற்காலியை விட்டு இறங்கி வந்து, குந்தி உட்கார்ந்து, விரலால் அந்தப் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தார். விஜயபாஸ்கர் வாட்சைப் பார்த்தான்.

ஜைத் எழுந்து வேலுச்சாமியிடம் கேட்டார். "ரெட் மே கயா?" சிவப்பிலா போனாய்?

வேலுச்சாமி அஸீமைப் பார்த்தார். விஜயபாஸ்கரைப் பார்த்தார். அவன் புருவத்தை உயர்த்தி, சொல்லுங்கண்ணே என்பதுபோல் தலையை ஆட்டினான். வேலுச்சாமியின் முகத்தில் பத்தொன்பது வருடமும் வந்து நின்றது.

"சாரி சார். மை மிஸ்…"

"யா அல்லாஹ்!" என்று நான் மேசையில் அறைந்தேன். "யோவ், நீயெல்லாம்…"

ஜைத் என் பக்கம் கையை உயர்த்தினார். நான் வாயை மூடினேன். எனக்கே ஆச்சரியம், மூடினேன். அவர் சைக்கிள் பக்கம் நகர்ந்தார். அதே மேசையில் அந்த 'மை மிஸ்டேக்'கை எத்தனை பேர் வாயில் கேட்டிருப்பாரோ. சைக்கிளின் ஹேண்டில்பாரில் கை வைத்து, குரலை இறக்கி, வேறு மாதிரி கேட்டார்.

"சைக்கிள் ஊப்பர் தா, யா ஹாத் மே?"

மேலே இருந்தாயா, கையில் இருந்ததா?

வேலுச்சாமி நிமிர்ந்தார். அத்தனை நேரம் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. அந்தக் கேள்விக்கு அவருக்குப் பதில் தெரியும். பத்தொன்பது வருடமாகத் தெரியும். அதற்கு 'சாரி' சொல்ல யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

"ஹாத் மே, சார்" என்றார். சத்தமாக. "ஹமேஷா ஹாத் மே. க்ரீன் ஆத்மி, தப் ஜாத்தா."

எப்போதும் கையில்தான். பச்சை மனுஷன் எரிந்தால்தான் போவேன்.

"கையெழுத்துப் போட்டது?"

"ஓ சாஹேப் சில்லாயா, சார்." அந்த ஐயா கத்தினார் சார்.

இவ்வளவுதான் அவர் சொன்னது. இதற்குமேல் தேவைப்படவில்லை. ஜைத் ஃபைலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். அஸீம் ஃபோனை நோண்டினான். விஜயபாஸ்கர் முதலில் காலை ஆட்டிக்கொண்டிருந்தான், பிறகு வெளியே போய் யாரிடமோ ஃபோனில் பேசிவிட்டு வந்தான், பிறகு ஆட்டவில்லை. வேலுச்சாமி என் காதில் கேட்டார்.

"பாய், கேமராவுல நான் பட்டன் அமுக்குனது தெரியுமா?"

"எல்லாம் தெரியும். பேசாம இரு."

"ரெண்டு தடவ அமுக்குனேன். ஒரு தடவ போதும்தான். தப்பா எடுத்துக்குவாங்களா?"

இந்த ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, சொல்லுங்கள்.

ஜைத் திரும்பி வந்து கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னார். நடக்கிறவனுக்குப் பச்சை. சைக்கிள் கையில். கார் நிற்கவே இல்லை. பிரேக் விளக்கு மோதியபிறகுதான் எரிகிறது. விஜயபாஸ்கரைப் பார்த்து, நீங்கள் இருங்கள், உங்களிடம் பேசவேண்டியிருக்கிறது என்றார். பழைய பேப்பரின் மேல் குறுக்கே கோடு போட்டு, புதுப் பேப்பரை எடுத்தார். அஸீமுக்கு ஒரு நகல் கொடுக்கச் சொன்னார். அஸீம் அதை வாங்கி, அங்கேயே கம்பெனிக்குப் படம் எடுத்து அனுப்பினான். கால் மணி நேரத்தில் பதில் வந்தது. கேன்சல் நிறுத்தம். கை சரியாகும்வரை மெடிக்கல் லீவ், பிறகு டூட்டி.

"யல்லா வேலு, ரூமுக்குப் போ. பெட்டியைப் பிரி" என்றான் அஸீம்.

எனக்கு அந்த நேரத்தில் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. நான் விஜயபாஸ்கரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய வார்த்தை இல்லை. வேலுச்சாமி இந்த ஊரில் ஆயிரம் தடவை, தான் செய்யாததற்கெல்லாம் சொன்ன வார்த்தை. செய்த ஆள் ஒரே ஒரு தடவை சொல்லட்டுமே. எதிரே நிற்கிறார் மாவுக்கட்டோடு. தமிழில் சொன்னாலும் சரி, ஆங்கிலத்தில் சொன்னாலும் சரி.

அவன் ஜைத்தைப் பார்த்து, "ஓகே ஆஃபீசர். இன்சூரன்ஸ் வில் டேக் கேர்" என்றான்.

வேலுச்சாமி அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, தலையை அசைத்து, "வர்றேன் சார்" என்று விடைபெற்றார். அவன் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வராந்தாவுக்கு வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுக்க எழுதினால் அச்சில் போட மாட்டார்கள். கோட்டுப் போட்ட நாய்கள் என்றேன். சிவப்பில் போகிறவன் சைக்கிளில் இல்லை, காருக்குள் உட்கார்ந்திருக்கிறான் என்றேன். அதற்குப் பிறகு வேலுச்சாமி பக்கம் திரும்பி, உன்னைப்போல நாலு பேர் இருக்கிற தைரியத்தில்தானய்யா அவன் கத்துகிறான், தப்பு என் மேல தப்பு என் மேல என்று இன்னொரு தடவை என் கடையில் சொன்னால் பல்லைத் தட்டிவிடுவேன் என்றேன். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

சத்தம் கேட்டு ஜைத் கதவைத் திறந்து வெளியே வந்தார். "ஹாஜி, என்ன ஆயிற்று? யார் இங்கே கத்துகிறது?"

நான் வாயைத் திறக்குமுன் வேலுச்சாமி முன்னால் போய் நின்றார். நல்ல கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு குனிந்தார்.

"சாரி சார். பாய் சத்தம் போட்டது, மை மிஸ்டேக்."